கரையிலேயே நின்ற தஹ்தெல்பஹிர்

இஸ்தான்புல்லின் கசிம்பாசாப் பேட்டையில் கடலுக்கு அடியில் ஒருமுறைகூடப் போகாத ஒரே தஹ்தெல்பஹிர் ஷாகிர்தான்.

தஹ்தெல்பஹிர் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். அவர் தெருவில் அப்போது நாலு ஷாகிர் இருந்தார்கள். பொரிகடலை ஷாகிர், நொண்டி ஷாகிர், பாங்கு சொல்கிற ஷாகிர், நம்ம ஷாகிர். இஸ்தான்புல்லில் அந்தக் காலத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. பட்டப்பெயரை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வார்கள். நம்ம ஷாகிர் ஹாலிச் என்கிற கடற்கழியின் கரையில் நீர்மூழ்கிகளுக்கு பேட்டரி பார்க்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பட்டம். முதலில் கிண்டலாகத்தான் வைத்தார்கள். ஏனென்றால் ஆள் கரையிலேயே வேலை செய்கிறவர். ஆனால் அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது பின்னாலிருந்து "தஹ்தெல்பஹிர்!" என்று கூப்பிட்டால் பட்டாளத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி விறைப்பாகத் திரும்புவார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். கடைசி வரைக்கும் சிரிக்க முடியவில்லை.

ஷாகிரின் அப்பா காமில், சுல்தான் காலத்தில் கப்பல்துறையில் ரிவெட் அடித்தவர். இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக இரும்புத் துண்டுகள் வந்து இறங்கியிருக்கின்றன. அதை ஒன்றாகப் பூட்டச் சொன்னார்கள். பூட்டப் பூட்ட இவர்களுக்கே பயம். மேல்தளம் இல்லை, பாய்மரம் இல்லை, சுருட்டு மாதிரி ஒரு சாமான். "இதுக்குப் பேர் என்ன?" என்று காமில் கேட்டதற்கு மேஸ்திரி, "பேர் இன்னும் வரல, முதல்ல ஆணியை அடி" என்றாராம். பிறகு எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒரு எழுத்தர் உட்கார்ந்து அரபியிலிருந்து கல் எடுத்துக் கட்டினார். தஹ்த் என்றால் அடி, பஹிர் என்றால் கடல். தஹ்தெல்பஹிர், கடலுக்கு அடி. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது பெயரில்லாமல் கிடந்த நாளில் அதற்கு ஆணி அடித்தவர் தன் அப்பா என்பதில் ஷாகிருக்கு அப்படி ஒரு கர்வம்!

ஷாகிர் வேலை கற்றுக்கொண்டது முதல் உலகப் போரின்போது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஹாலிச்சுக்குள் வந்து ஒதுங்கும். சிவந்த மூக்கோடு ஒரு ஜெர்மன்காரன் இவருக்கு பேட்டரியைக் காட்டிக் கொடுத்தான். முதல் பாடம் உப்பு. கடல்தண்ணீர் ஒரு கையளவு பேட்டரி அறைக்குள் போனால் போதும், ஆசிட்டோடு கலந்து விஷப்புகை கிளம்பிவிடும், உள்ளே இருக்கிறவன் வெளியே வரமாட்டான். அதனால் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை, ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பு கொஞ்சம் தட்டினாலும் பீப்பாயையே கவிழ்த்துவிட வேண்டும். ஷாகிர் அதை ஆயுள் முழுக்கச் செய்தார். வீட்டில் சூப் வந்தாலும் முதலில் நாக்கு நுனியில் ஒரு சொட்டு.

"இது சூப்புங்க. இதைக் குடிச்சு யாரும் சாகமாட்டாங்க" என்பாள் மனைவி மெப்ரூரே.

"பழக்கம்டி."

"கால்சட்டையில துணியைவிட ஓட்டை ஜாஸ்தி. அதுவும் பழக்கமா?"

அந்த ஓட்டைகள் ஆசிட் தெறித்தவை. துணியில் போட்ட ஓட்டையை மெப்ரூரே தைத்துவிடுவாள். ஆசிட் ஆவி நெஞ்சில் போட்ட ஓட்டையை யாராலும் தைக்க முடியவில்லை. ஷாகிருக்கு இருமல் வந்தது. வந்தது போகவே இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் கோபமாக வரும். ஒரு தடவை பழைய பேட்டரி முழுவதையும் தூக்கிவிட்டுப் புதிது போட்டார்கள். வேலை பிரமாதமாக வந்திருந்தது. கைதேர்ந்த தொழிலாளியை அங்கே உஸ்தா என்பார்கள். கப்பல் தலைவர் சந்தோஷத்தில், "ஷாகிர் உஸ்தா, நாளைக்கு முழுகிப் பார்க்கறோம். நீயும் வா" என்றார். இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஏணி வழியாக உள்ளே இறங்கினார். தன் கையால் வைத்த பேட்டரிகளுக்கு மேலேயே நின்றார். மேல்மூடியைச் சாத்துவதற்கு முன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எங்காவது காற்றோ தண்ணீரோ கசிகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பது வழக்கம். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதில் ஷாகிர் இருமினார்.

ஒரு தடவையோடு நிற்கவில்லை. கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"உஸ்தா, மன்னிச்சுக்க. இருமல் இருக்கறவனைக் கீழே கூட்டிட்டுப் போகக் கூடாது. உள்ளே இருக்கற காத்து எல்லாருக்கும் பொது" என்றார் தலைவர். இவர் ஏணியில் ஏறி வெளியே வந்தார். கரையில் நின்று பார்த்தார். கப்பல் கடற்பக்கம் திரும்பிப் போயே போய்விட்டது.

பேட்டரியால் வந்த இருமல், பேட்டரி போன இடத்துக்கு அவரைப் போக விடவில்லை. இது என்ன நியாயம்? அதற்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. அவரிடம் மிச்சம் இருந்தது அந்தப் பட்டப்பெயர் ஒன்றுதான்.

அப்புறம் அங்காராவிலிருந்து சட்டம் வந்தது. நாட்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டு பதிய வேண்டும். கெடு 1936 கோடை. தெருவே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஆள் ஆளுக்குச் சிங்கம், இரும்பு, மலை, புயல். வீட்டில் மனைவிக்குப் பயந்து நடுங்குகிறவர் 'அஞ்சான்' என்று பதிந்துகொண்டு வந்தார்.

ஷாகிருக்கு யோசனையே இல்லை. நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்.

"குடும்பப் பெயர்?"

"தஹ்தெல்பஹிர்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். இளைஞர். கழுத்துப்பட்டி இறுக்கமாகக் கட்டியிருந்தார். "அது அரபிங்க. துருக்கிப் பேர்தான் வைக்கணும்னு சட்டம்."

"சார், எங்கப்பா ஆணி அடிச்ச கப்பல் சார் அது."

"ஆணி துருக்கி ஆணியா இருக்கலாம். பேர் அரபி. அடுத்தவர் வாங்க."

அதோடு போனதா? கப்பல்துறையிலும் ஆணை வந்தது. அந்த வார்த்தையே இனி கிடையாது. மொழியைச் சுத்தம் செய்கிறார்கள். இனிமேல் 'தெனிஸால்த்தி' என்று சொல்ல வேண்டும். தெனிஸ் என்றால் கடல், ஆல்த்தி என்றால் அடி. பட்டறைப் பலகையில் பழைய பெயர் மேல் வெள்ளை அடித்துப் புதுப் பெயர் எழுதினார்கள். பையன்கள் ஒரு விளையாட்டு வைத்தார்கள். பழைய வார்த்தையை வாய்தவறிச் சொல்கிறவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். அந்த மாசம் முழுக்கப் பட்டறைக்கே ஷாகிர் செலவில்தான் தேநீர்.

"உஸ்தா, நேத்து எந்தக் கப்பலுக்கு ஆசிட் மாத்தினீங்க?" என்று ஒருவன் அப்பாவி மாதிரி கேட்பான்.

"அந்த ரெண்டாவது தஹ்..."

"எனக்குச் சர்க்கரை ரெண்டு கட்டி!"

வீட்டில் மெப்ரூரே கேட்டாள், "அர்த்தம் ரெண்டும் ஒண்ணுதானே? அதுவும் கடலடி, இதுவும் கடலடி. புதுப் பேரையே வைச்சுக்கிட்டா என்ன?"

"அர்த்தம் ஒண்ணுதான். ஜெர்மன்காரன் கூட ஊ-போட்னு சொல்வான். கேட்டா கடல்-அடிப்-படகுன்னு அர்த்தம் சொன்னான். உலகமே அதைத்தான்டி சொல்லுது. ஆனா நான் இருபது வருஷம் திரும்பிப் பார்த்தது எந்தச் சத்தத்துக்கு? யாராவது தெனிஸால்த்தின்னு கூப்பிட்டா நான் திரும்புவேனா? பக்கத்துல நிக்கறவனைத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சுக்குவேன்."

இந்தப் புலம்பலை எல்லாம் தினமும் கேட்டவர் ஹுர்ஷித். மூலைக் கடைக்காரர். ஊறுகாய், ஆலிவ், பாலாடைக்கட்டி. சாயங்காலம் கடை வாசலில் இருவரும் தவ்லாப் பலகையை விரித்து, தாயக்கட்டையை உருட்டி உருட்டிச் சண்டை போடுவார்கள். ஹுர்ஷித் போரின்போது பெய்ரூத்தில் சிப்பாயாக இருந்தவர். அவர்தான் ஒரு நாள் தாயக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார்.

"யோவ் ஷாகிர். பெய்ரூத்துல அரபிக்காரன் இந்தக் கப்பலை அப்படிச் சொல்லமாட்டான்யா."

"பின்ன?"

"கவ்வாஸான்னு சொல்வான். முக்குளிக்கறதுன்னு அர்த்தம். நான் தஹ்தெல்பஹிர்னு சொன்னேன், அவன் முழிச்சான்."

ஷாகிர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்போ இது அரபி வார்த்தையே இல்ல!"

"கல்லு அவனுது. வீடு நம்ம ஆள் கட்டினது."

"நாளைக்கு நீ என்கூட வர்றே. சாட்சி சொல்றே."

இருவரும் போனார்கள். ஷாகிர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். ஹுர்ஷித் மார்பில் கை வைத்து, பெய்ரூத், கவ்வாஸா, எல்லாவற்றுக்கும் சாட்சி சொன்னார். குமாஸ்தா பொறுமையாகத்தான் கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவர் முன்னால் அன்றைக்கு எத்தனை சிங்கம், எத்தனை புயல் நின்றதோ!

"கதை நல்லா இருக்குங்க. ஆனா கல்லு அரபிக் கல்லுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. நான் எழுதினா மேலேருந்து அடிச்சுத் திருப்பி அனுப்புவாங்க. தெனிஸால்த்தின்னு வேணா சொல்லுங்க, இப்பவே எழுதறேன்."

"வேண்டாம்" என்றார் ஷாகிர்.

ஐயோ, அந்த ஒரு வார்த்தை! அன்றைக்கு 'சரி' என்று தலையாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் தலையாட்டவில்லை. வருகிற வழியெல்லாம், "மனு போடறேன், அங்காராவுக்கே போடறேன்" என்று ஹுர்ஷித்தின் காதைத் தின்றார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அதே பேச்சு. குளிர்காலம் போய் வசந்தம் வந்தது. தவ்லாப் பலகைக்கு மேல் அந்த இரண்டு வார்த்தைகளும் விழுந்துகொண்டே இருந்தன.

கெடு நெருங்கியபோது ஷாகிருக்கே ஒரு மாதிரி ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தானாகவே, "தெனிஸால்த்தி" என்று சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"வாயில ஆசிட் பட்ட மாதிரி ஏன் சொல்றீங்க? நல்லாத்தானே இருக்கு" என்றாள் மெப்ரூரே.

மகள் நெஸிஹே உள்ளேயிருந்து, "அப்பா, நெஸிஹே தெனிஸால்த்தி! கேக்க எவ்ளோ ஜோரா இருக்கு!" என்றாள்.

அது போதுமாக இருந்தது. ஷாகிர் புதுச் சட்டை போட்டுக்கொண்டார். கப்பலுக்குள் ஒருமுறை இறங்கிய அதே சட்டை. அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, தலையை நிமிர்த்திச் சொன்னார்.

"எழுதிக்குங்க சார். தெனிஸால்த்தி."

குமாஸ்தா ஏதோ புரட்டினார். முகம் மாறியது. "போச்சுங்க."

"என்ன போச்சு?"

"பேர் போச்சு. இந்த வட்டாரத்துல ஒருத்தர் எடுத்துட்டார். ஒரே பேரை ரெண்டு குடும்பத்துக்கு அப்படியே தர முடியாது."

"யாரு எடுத்தது? கடற்படை அதிகாரியா?"

"கடைக்காரர். உங்ககூட சாட்சி சொல்ல வந்தாரே, அவர்."

ஹுர்ஷித்! படகில் ஹாலிச்சைத் தாண்டி அக்கரைக்குப் போனாலே வாந்தி எடுக்கிற ஹுர்ஷித்! குளிக்கும்போதுகூட முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் பயப்படுகிற மனுஷன்!

குமாஸ்தாவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "ஒரு வழி இருக்கு. முன்னாடி 'சின்ன'ன்னு சேர்த்துக்கலாம். சின்ன தெனிஸால்த்தி."

"அவன் முழுசு, நான் சின்னதா?" ஷாகிரின் குரல் வரிசையின் கடைசி வரை கேட்டது. "ஊறுகாய்ப் பானைக்குள்ள கையைத் தவிர எதையும் முக்காதவன் அவன்! அவன் பெரிய கடலடி, நான் சின்னக் கடலடியா?"

அங்கிருந்து நேராகக் கடை. ஹுர்ஷித் ஆலிவ் அள்ளிக்கொண்டிருந்தார். ஷாகிரைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றது.

"ஷாகிர், நான் சொல்றதைக் கேளு..."

"திருடா."

"நான் சிங்கம்னு கேட்டேன்யா! சிங்கம் போச்சுன்னான். இரும்பு கேட்டேன், அதுவும் போச்சு. மலை போச்சு, கல்லு போச்சு. பின்னாடி நூறு பேர் நிக்கறான். 'சீக்கிரம் சொல்லு, சீக்கிரம் சொல்லு'ன்னு கத்தறான். என் மண்டையில என்ன இருக்கும்? ஆறு மாசமா நீ என் காதுல ஓதினது தவிர என்ன இருக்கும்? வாயைத் தொறந்தேன், அதுதான் வந்துச்சு!"

"மாத்திக்கோ."

"கேட்டுப் பார்த்துட்டேன். கோர்ட்டுக்குப் போகணுமாம். நீதான் அந்தப் பேர் வேண்டாம்னு சொன்னியே? என் காதால கேட்டேனே!"

 அது உண்மை என்பதுதான் ஷாகிரை இன்னும் எரித்தது. தவ்லாப் பலகையைக் காலால் தள்ளினார். தாயக்கட்டை இரண்டும் சாக்கடையில் போய் விழுந்தன. அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு ஆலிவ் மேட்டுத்தெருக் கடையிலிருந்து வந்தது. அது புழு வைத்த ஆலிவ். ஆனாலும் வந்தது.

கெடுவின் கடைசி வாரம் மறுபடி அலுவலகத்தில் நின்றார். இந்த முறை புதுச் சட்டை இல்லை, பட்டறையிலிருந்து ஓட்டைக் கால்சட்டையோடு வந்திருந்தார். எள் போட இடமில்லாத கூட்டம். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேர் யோசிச்சு வந்தீங்களா?"

"இல்ல."

"நான் ஒண்ணு போட்டுடறேன். என்ன வேலை?"

"தஹ்... தெனிஸால்த்தி பேட்டரி."

"கப்பலுக்கு உள்ளேயா?"

ஷாகிர் குனிந்துகொண்டு, "இல்ல. கரையில" என்றார். அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. பெரிய இருமல். குமாஸ்தா, "அப்போ கியி. கரை. நல்ல துருக்கிப் பேர், யாரும் எடுக்கல. சரிதானே?" என்று கேட்டார். ஷாகிர் இருமிக்கொண்டே வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். குமாஸ்தா அதை, 'எதையாவது போடு' என்று எடுத்துக்கொண்டார். எழுதி, ஒற்றுத்தாள் அழுத்தி, முத்திரை குத்தினார். இருமல் நின்றபோது அவர் ஷாகிர் கியி. கரை ஷாகிர்.

ஆயுள் முழுக்க அந்தப் பட்டப்பெயரால் அவர் மூடி வைத்திருந்த விஷயத்தை அரசாங்கம் அவர் நெற்றியில் எழுதிவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை மெப்ரூரேயிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்தாள். வாயாடி மெப்ரூரே கிண்டல் செய்யாமல் விட்டதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. நெஸிஹேவுக்கும் ஹுர்ஷித் மகன் வெதாத்துக்கும். மேட்டுத்தெருவிலிருந்து ஆலிவ் வாங்கி வரும் வழி மூலைக் கடையைத் தாண்டித்தானே வர வேண்டும்! வெதாத் நல்ல பையன். கூச்சக்காரன். ஒரு நாள் மெப்ரூரே மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஹுர்ஷித் அண்ணன் வீட்டுல பொண்ணு கேட்டு வரலாமான்னு..."

"என் பேரைத் திருடினவன் வீட்டுக்கு என் பொண்ணா?"

"உங்க பேரு கியிதானே?" என்று மெப்ரூரே கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

மூன்று மாதம் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நெஸிஹே அழவில்லை. அதற்குப் பதில் சமையலில் உப்பே போடாமல் விட்டாள். சூப், சோறு, வெண்டைக்காய், எதிலும் உப்பு இல்லை. ஷாகிர் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார், உப்பு இல்லாததைக் குறை சொல்ல அவருக்கு வழியில்லை. கடைசியில் ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "வரச் சொல்லு. வந்து கேட்டுட்டுப் போகட்டும். குடுக்கறதும் குடுக்காததும் என் இஷ்டம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். ஹுர்ஷித் மிட்டாய்ப் பெட்டியோடு, வெதாத் இறுக்கிய காலரோடு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நெஸிஹே காப்பித் தட்டோடு வந்தாள். எங்கள் ஊர் வழக்கம் தெரியுமே. பெண் கேட்டு வரும் நாளில் மாப்பிள்ளை காப்பியில் பெண் சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டிவிடுவாள். அவன் முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும். நெஸிஹேவுக்கு மூன்று மாத உப்பு மிச்சம் இருந்தது. தாராளமாகவே போட்டிருந்தாள்.

தட்டு ஷாகிரைத் தாண்டும்போது அவர் ஓரத்தில் இருந்த கோப்பையை எடுத்துவிட்டார். வேண்டுமென்று இல்லை. கோபத்தில் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. பழக்கதோஷம், நாக்கு நுனியில் ஒரு சொட்டு.

அடுத்த கணம் நாற்காலி பின்னால் விழுந்தது.

"உப்பு! யாரும் தொடாதே! கொட்டு, கொட்டு!" என்று கத்திக்கொண்டே ஜன்னலுக்கு ஓடி, கோப்பையோடு காப்பியைத் தெருவில் வீசினார். வெதாத் பயந்துபோய்த் தன் மூக்கைப் பொத்திக்கொண்டான். கீழே தெருவிலிருந்து யாரோ, "எந்த நாய்டா அது?" என்று கேட்டார்கள்.

அறை முழுக்க ஒரு கணம் கப்பலின் மூடி சாத்துவதற்கு முந்தைய அமைதி. பிறகு ஹுர்ஷித்துக்குத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ் தஹ்தெல்பஹிர்! என் பையனைக் காப்பாத்திட்டியேய்யா!"

தஹ்தெல்பஹிர். ஷாகிர் விறைப்பாகத் திரும்பினார். ஒன்றரை வருஷமாக அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. கப்பல்துறையில் தேநீருக்குப் பயந்து கூப்பிடவில்லை. தெருவில் அவர் கோபத்துக்குப் பயந்து கூப்பிடவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது. ஹுர்ஷித்தே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து முதுகைத் தடவினார்.

இருமல் அடங்கியதும் ஷாகிர் சொன்னார், "முறையாக் கேளு."

ஹுர்ஷித் கையைக் கட்டிக்கொண்டு, "அல்லாஹ்வின் கட்டளைப்படி, நபிகளின் சொல்படி, உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேக்கறோம்" என்றார்.

ஷாகிர் நேரம் எடுத்துக்கொண்டார். "தர்றேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. அவ உன் பேருக்கு வரல. என் பேருக்குத் திரும்பிப் போறா."

"சரிப்பா, உன் பேர்தான். நான் வாடகைக்கு வெச்சிருக்கேன்."

இதோடு முடிந்தது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவருக்குள் முடியவில்லை. கல்யாணப் பதிவில் அதிகாரி, "நெஸிஹே கியி, இன்று முதல் நெஸிஹே தெனிஸால்த்தி" என்று வாசித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், ஷாகிர் தட்டவில்லை. சம்பளம் வாங்கும்போது கியி. மருந்துச் சீட்டில் கியி. ஜூலை மாதம் கடல்நாள் விழாவில் கப்பல் பார்க்கப் போனால், வாசலில் நின்ற சின்ன மாலுமி காகிதத்தைப் பார்த்து, "கரையா? தாத்தா, கடல் இந்தப் பக்கம்" என்றான். அவர் உள்ளே போகாமலே திரும்பி வந்தார்.

நெஸிஹேவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குல்டென் என்று பெயர் வைத்தார்கள். பதிய வெதாத் கிளம்பினான்.

"நீ கடையைப் பாரு. நான் போறேன்" என்றார் ஷாகிர்.

"மாமா, குழந்தையோட அப்பாதான் போகணும்னு..."

"காகிதத்தைக் குடு, மாப்பிள்ளை."

அந்தப் பழைய சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். தோளில் இப்போது தொளதொளவென்று இருந்தது. அதே அலுவலகம், அதே குமாஸ்தா. கழுத்துப்பட்டி கொஞ்சம் தளர்ந்திருந்தது. குழந்தை பெயர் கேட்டார், எழுதினார்.

"குடும்பப் பெயர்?"

"தெனிஸால்த்தி."

நிதானமாகச் சொன்னார். இருமல் வரவில்லை. குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்க கியிதானே?"

"எழுதுங்க சார். இந்த ஒரு தடவையாவது நான் சொல்றதை எழுதுங்க."

குமாஸ்தா எழுதினார். ஒற்றுத்தாள் அழுத்தினார். முத்திரை குத்திக் காகிதத்தை நீட்டினார். ஷாகிர் வாங்கவில்லை.

"வாசிச்சுக் காட்டுங்க."

"குல்டென் தெனிஸால்த்தி."

"இன்னொரு தடவை."

பின்னாலிருந்த வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. "யோவ் பெரியவரே, நகருங்க" என்று யாரோ சொன்னார்கள். ஷாகிர் நகரவில்லை.